யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க முறையில் ஒரு நல்லடக்கம்: முதன்முறை பொறுப்பேற்பவருக்கு

அம்மா இறந்த அன்று காலை பதினொரு மணிக்குள் மரண அறிவித்தலை அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு இரங்கல் திருப்பலி என்று போட்டிருந்தோம். பங்குத்தந்தையிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அறைவீட்டுக்கு (பங்குத்தந்தை இருக்கும் இல்லத்துக்கு) போனபோது அவர் நாட்குறிப்பை விரித்துக் காட்டினார். அந்தச் சனிக்கிழமை 3 மணிக்கு நேராக, சிவப்பு மையில், ஒரு கலியாணம் எழுதியிருந்தது. அதன் பிறகு அச்சகத்துக்கு ஓடியதும், கனடாவிலும் பிரான்ஸிலும் இருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப அழைத்து நேரத்தை மாற்றிச் சொன்னதும், அம்மாவின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மணித்தியாலங்கள்.

அந்த மணித்தியாலங்கள் உங்களுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை முடிந்தவரை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உயிர் இருக்கும்போதே சுவாமியை (குருவை) அழையுங்கள்

நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிப்பது, உயிரோடு இருப்பவருக்கான அருட்சாதனம். இறந்துவிட்டார் என்று உறுதியான பிறகு சுவாமி வந்தால் செபிப்பார், ஆசீர்வதிப்பார், பூச மாட்டார். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் பூசலாம். அதனால் “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்று இழுக்காமல், வைத்தியர் கைவிரித்த உடனேயே அழையுங்கள். நள்ளிரவானாலும் தயங்க வேண்டாம். பூசுதல் பெற்றால் கெதியாக இறந்துவிடுவார் என்று பயப்படும் ஆக்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நோயாளிக்குத் தெம்பு கொடுப்பதற்கான அருட்சாதனம். குணமாகிப் பிறகு மறுபடி நோயில் விழுந்தால் மறுபடியும் பெறலாம்.

2. கடுதாசிகள்

மரணம் எங்கே நடந்தது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

வைத்தியசாலையில் என்றால், மரணத்துக்கான காரணத்தை வைத்தியர் எழுதிக் கொடுப்பார். இறந்தவருடைய அடையாள அட்டையும், உடலைப் பொறுப்பேற்கும் உறவினருடைய அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டிலும் நாலைந்து பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் பிரதி எடுக்கக் கடை தேடி அலைவது பெரும் வேதனை.

வீட்டில் என்றால், முதலில் விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) அறிவியுங்கள். அவருடைய அறிக்கையோடுதான் பதிவாளரிடம் போக முடியும். இறந்தவரைத் தொடர்ந்து பார்த்துவந்த வைத்தியர் இருந்தால் அவரையும் அழையுங்கள். மருந்துச் சிட்டைகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். என்ன நோய், எவ்வளவு காலம் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

விபத்து, திடீர் மரணம், தற்கொலை என்றால் பொலிஸும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் வருவார்கள். உடற்கூற்றுப் பரிசோதனை தேவைப்படலாம். உடல் கையில் கிடைக்கும் வரை நல்லடக்க நேரத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயிலில் திருப்பலி இல்லை என்று பழைய ஆக்கள் சொல்லக்கூடும். இன்றைய திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை. சுவாமியிடம் நேரடியாகப் போய்ப் பேசுங்கள், அவர் உங்களோடு நிற்பார்.

மரணத்தைப் பதிவது, அது நடந்த இடத்துக்குரிய பதிவாளரிடம். வசித்தது நாவாந்துறையாக இருந்தாலும் இறந்தது கொழும்பு வைத்தியசாலையில் என்றால் பதிவும் அங்கேதான். இது தெரியாமல் உடலோடு வந்துவிட்டுப் பிறகு கொழும்புக்கு ஏறி இறங்கியவர்களை அறிவேன். 3 மாதத்துக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஆனாலும் அடக்கம் முடிந்த வாரத்திலேயே பதிந்துவிடுங்கள்.

இங்கே கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. எங்கள் அம்மா ஒரு கடுதாசியில் மேரி, இன்னொன்றில் மரியா. பதிவாளர் எழுதும்போது நான் கவனிக்கவில்லை. பிறகு வங்கியில், காணி உறுதியில் இருக்கிற பெயரும் மரணச் சான்றிதழில் இருக்கிற பெயரும் ஒருவருடையதுதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தேன். பதிவாளர் கையொப்பமிடும் முன், ஒவ்வொரு எழுத்தையும் அடையாள அட்டையோடும் பிறப்புப் பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழில் தேவையான அளவு பிரதிகளை ஒரேயடியாக எடுங்கள். வங்கி, ஓய்வூதியம், சேமலாப நிதி, காப்புறுதி, காணி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.

3. நேரம் குறிக்கும் முன் மூன்று பேரிடம் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். பங்குத்தந்தை, சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) பொறுப்பானவர், வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவர். இந்த மூவரும் சரி என்று சொன்ன பிறகுதான் நேரம் குறிக்க வேண்டும்.

பங்குத்தந்தையிடம் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் ஒருவர் நேரில் போவது நல்லது. இறந்தவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவரோ அந்தக் கோயிலில்தான் பொதுவாகத் திருப்பலி நடக்கும். குருநகரில் பிறந்து சுண்டுக்குளியில் வசித்தவர், தன் திருப்பலி பிறந்த ஊர்ப் புனித யாகப்பர் ஆலயத்தில்தான் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கலாம். அதற்கு இடமுண்டு. அந்தக் கோயிலுக்குப் பொறுப்பான குருவின் சம்மதம் வேண்டும், சொந்தப் பங்குத்தந்தைக்கும் அறிவிக்க வேண்டும். இரண்டு அறைவீட்டுக்கும் போக வேண்டிவரும், அவ்வளவுதான். போகும்போது ஞானஸ்நானப் பெயர், வயது, கடைசியாக எப்போது நற்கருணை பெற்றார், பூசுதல் பெற்றாரா, எந்த வட்டாரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பங்கின் இறந்தோர் பதிவேட்டில் எழுதவும் இவை தேவைப்படும்.

சில நாட்களில் இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி, உயிர்த்த ஞாயிறு, திருவருகைக்கால, தவக்கால, பாஸ்காக்கால (உயிர்ப்புக்கால) ஞாயிறுகள், கட்டாயம் திருப்பலிக்குப் போக வேண்டிய கடன் திருநாட்களான பெருவிழாக்கள் ஆகியவைதான் அவை. அந்த நாட்களில் திருப்பலி இல்லாமல் இறைவார்த்தையும் செபமுமாக அடக்கத்தை நடத்தலாம், திருப்பலியை வேறொரு நாள் வைக்கலாம். இதைக் கேட்டதும் “எங்கட அப்பாவுக்கு மட்டும் பூசை இல்லையா” என்று மனம் உடைந்துவிட வேண்டாம், எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய மடு மாதா திருவிழா நாட்களில் பல குருக்கள் ஊரில் இருக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சேமக்காலை. யாழ்ப்பாணத்து நிலம் பாறை. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். எங்களுக்குக் குழி வெட்டியவர் விடியக்காலையில் தொடங்கினார். நான் பார்க்கப் போனபோது மண்வெட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அலவாங்கால் இடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இடிக்கும் சிறு கல்லாகத்தான் பெயர்ந்தது. அதனால் மாலை 4 மணிக்கு அடக்கம் என்றால் முதல் நாளே சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் இன்னொரு சிக்கல்: தாழ்ந்த இடங்களில் குழிக்குள் தண்ணீர் ஊறும். இறைப்பதற்கு ஆள் ஒழுங்கு செய்துவைக்க வேண்டும்.

குடும்பக் கல்லறையைத் திறந்து அடக்குவதென்றால், கடைசியாக அதில் யாரை எந்த ஆண்டு வைத்தார்கள் என்று கேட்பார்கள். போதிய காலம் போகாவிட்டால் திறக்க விடமாட்டார்கள். ஆண்டு யாருக்கும் நினைவில் இல்லாவிட்டால் கல்லறைக் கல்லைப் போய்ப் பாருங்கள், அல்லது பங்குப் பதிவேட்டில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள். இதில்தான் குடும்பங்கள் முறிகின்றன. “நான் வரும் வரை வையுங்கோ” என்று ஒருவர், “உடலை இவ்வளவு நாள் வைக்கக் கூடாது” என்று இன்னொருவர். பயணச்சீட்டு கையில் கிடைத்த பிறகுதான் நாளைக் குறியுங்கள், கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குறிக்காதீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், வான் பிடித்து வந்தால் ஏழெட்டு மணித்தியாலம். விடிய இறங்குபவர் மதியத் திருப்பலிக்கு வந்து சேர்வார் என்று கணக்குப் போட வேண்டாம். சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலேயே இறங்கலாம், ஆனால் இந்திய விசா தேவைப்படுமா என்று முதலில் பார்க்க வேண்டும். வர முடியாதவர்களுக்கு நேரலை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிற்பகல் 3 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 5.30, குளிர்காலத்தில் 4.30. பாரிஸில் 11.30 அல்லது 10.30. இந்த நேரத்தையும் எழுதியே இணைப்பை அனுப்புங்கள்.

4. மலர்ச்சாலையும் செலவும்

துக்கத்தில் இருப்பவர் விலை பேச மாட்டார் என்பது மலர்ச்சாலைக்காரருக்கு, அதாவது பெட்டியும் ஊர்தியும் ஒழுங்கு செய்து தருபவருக்கு, தெரியும். ஆகவே பெட்டி பார்க்கப் போகிறவர் பிள்ளையாக இருக்க வேண்டாம். ஒரு மைத்துனரையோ பக்கத்து வீட்டு அண்ணையையோ அனுப்புங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எம்பாம் (உடல் பழுதாகாமல் பதப்படுத்துவது), பெட்டி, பெட்டி வைக்கும் மேசை, மெழுகுதிரித் தண்டுகள், சிலுவை, ஊர்தி, ஊர்தி போகும் தூரம், எத்தனை நாள் வாடகை. நாங்கள் இரண்டு நாளுக்குப் பேசினோம். அடக்கம் ஒரு நாள் தள்ளிப்போனபோது மூன்றாவது நாளுக்குத் தனியாகக் கேட்டார்கள். முதலே கேட்டிருந்தால் அந்தக் கசப்பு வந்திருக்காது. நெடுந்தீவு போன்ற இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் குறிகாட்டுவானில் படகுக்கும் தனியாக ஒழுங்கு செய்ய வேண்டும்.

பெட்டியின் அளவைக் கைப்பிடியோடு சேர்த்து அளந்து, குழி வெட்டுபவருக்கு அன்றே சொல்லுங்கள். கட்டிய கல்லறை என்றால் இது மிக முக்கியம். வேலைப்பாடான அகலப் பெட்டியை வாங்கிவிட்டுக் கல்லறை வாசலில் கைப்பிடிகளைக் கழற்றிய காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பார்க்க வேண்டிய காட்சி இல்லை அது.

உண்மையில் எங்களுக்குப் பெட்டியை விடக் கூடுதலாகப் போனது பந்தல், கதிரை, மின்பிறப்பாக்கி, தேநீர், சாப்பாடு, பாண்ட் வாத்தியம், பத்திரிகை அறிவித்தல் ஆகியவற்றுக்குத்தான். இவை எல்லாம் அடக்கத்துக்குக் கட்டாயமானவை இல்லை. ஒரு கொப்பி போட்டு, காசு கொடுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று பிரித்துவிடுங்கள். வெளிநாட்டுக் காசு வருகிறபோது பின்னால் வரும் மனத்தாங்கல்களை அந்தக் கொப்பி தடுக்கும்.

கோயிலுக்குக் கொடுப்பதில் திருப்பலிக் காணிக்கை, பாடகர் குழாம், மணி அடிப்பவர், குழி வெட்டுபவர், சேமக்காலைக் கட்டணம் என்று பல இருக்கும். எது கட்டணம், எது விருப்பக் காணிக்கை என்று அறைவீட்டில் கூச்சமின்றிக் கேளுங்கள். கையில் காசில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஏழைகளுக்கு உரிய அடக்கச் சடங்கு மறுக்கப்படக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பங்கில் வின்சென்ட் டி போல் சபை இருந்தால் அவர்களும் உதவுவார்கள். ஊர் மரண உதவிச் சங்கத்தில் இறந்தவர் சந்தா கட்டிவந்தாரா என்று அலமாரியில் அட்டையைத் தேடிப் பாருங்கள். கதிரையும் பந்தல் தகரமும் அங்கேயே கிடைத்துவிடலாம்.

5. மரண அறிவித்தல்

இப்போதுதான் அச்சுக்குப் போகலாம். திருப்பலி நேரம், வீட்டிலிருந்து புறப்படும் நேரம், கோயிலின் பெயர், சேமக்காலையின் பெயர் நான்கும் தெளிவாக இருக்கட்டும். மருமக்கள், சம்பந்திமார், பேரப்பிள்ளைகள் பட்டியலை இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஒவ்வொருவர் வாசித்துப் பார்க்கட்டும். விடுபட்ட ஒரு பெயருக்காக இருபது வருடம் பேசாமல் இருக்கும் வீடுகள் நம்மிடம் உண்டு.

6. வீட்டில்

கோயிலில் துக்கமணி அடித்ததும் ஆக்கள் வரத் தொடங்குவார்கள். மரியாயின் சேனை என்ற பக்திச் சபைக்கும் வட்டார மக்களுக்கும் எந்த நேரம் செபமாலை என்று சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் கதைத்துக்கொண்டிருக்காமல் செபிப்பதற்கு அது ஒரு பிடி. தலைமாட்டில் சிலுவை, இரு பக்கமும் மெழுகுதிரி, தீர்த்தம், அதைத் தெளிக்க ஒரு சிறு குச்சியோ இலையோ. போதும்.

யாழ்ப்பாணத்தில் அநேகமான வீடுகளில் சைவ உறவினர்களும் இருப்பார்கள். அவர்கள் அன்போடுதான் ஒவ்வொன்றும் கேட்பார்கள்: வாய்க்கரிசி போடுவதில்லையா, ராகு காலம் பார்த்தீர்களா, சனிக்கிழமை எடுக்கலாமா, “சனிப்பிணம் தனிப்போகாது” என்பார்களே என்று. வெடுக்கென்று பேசாமல், எங்கள் முறையில் நாள் நேரம் பார்ப்பதில்லை என்று மெதுவாகச் சொல்ல ஒரு மூத்தவரை வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக இன்னொன்று: சைவக் குடும்பங்களில் பெண்கள் பெரும்பாலும் மயானத்துக்குப் போவதில்லை. நம்மிடம் பெண்களும் சேமக்காலை வரை வருவார்கள். என் பெரியம்மாவின் சைவ மருமகள் படலையடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வரலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லுங்கள்.

7. திருப்பலி ஒழுங்கு

முதல் நாள் மாலைக்குள் இவற்றை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, சுவாமிக்கும் பாடகர் குழாமுக்கும் கொடுங்கள்.

வாசகங்கள்: முதல் வாசகத்துக்குச் சாலமோனின் ஞானம் 3:1-9 பலர் தெரிவு செய்வது. யோபு 19, எசாயா 25 ஆகியவற்றிலிருந்தும் எடுக்கலாம். பாஸ்காக் காலம் என்றால் முதல் வாசகமும் புதிய ஏற்பாட்டிலிருந்தே வரும். திருப்பாடல் 23. இரண்டாவது வாசகம் உரோமையர் 6:3-9 அல்லது 1 தெசலோனிக்கர் 4:13-18. நற்செய்தி யோவான் 11:17-27 அல்லது 14:1-6. நாங்கள் யோவான் 11ஐத் தெரிவு செய்தோம். இலாசரின் சகோதரி மார்த்தா வீட்டிலிருந்து எழுந்து வழிக்கு வருகிற இடம் அது. அம்மா இருந்திருந்தால் அவவும் அப்படித்தான் எழுந்து போயிருப்பா.

வாசிக்கப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் போடுவது அழகு. ஆனால் வெளிநாட்டில் வளர்ந்த பேரனுக்குத் தமிழ் வாசிப்பது கடினமாக இருக்கலாம், மகளுக்கு அழுகை தொண்டையை அடைக்கலாம். ஒவ்வொரு வாசகத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைத் தயாராக முன்வாங்கில் இருத்துங்கள். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அந்தப் பேரன் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ சொல்லட்டும்.

புகழுரை. மறையுரைக்குப் பதிலாகப் புகழுரை கூடாது. நற்கருணைக்குப் பிறகு, இறுதிப் பிரியாவிடைச் செபத்துக்கு முன் குடும்பத்தில் ஒருவர் சில வார்த்தை சொல்ல அனுமதி கேட்கலாம். ஒருவர், மூன்று நிமிடம், எழுதி வைத்து. சங்கத் தலைவர்களும் பழைய மாணவர்களும் பேச விரும்பினால் அதை முதல் நாள் இரவு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடல்கள்: திரைப்பாடல் மெட்டு வேண்டாம். இறந்தவருக்குப் பிடித்த ஞானப்பாடல் ஒன்றைக் காணிக்கை நேரத்திலோ நற்கருணைக்குப் பிறகோ கேட்கலாம். பிறசமய உறவினர்கள் நற்கருணைக்கு வரிசையில் வந்துவிடாதபடி சுவாமியே ஒரு வரி அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் சங்கடம் இருக்காது. ஒளிப்படக்காரருக்கு நிற்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள், பீடத்தைச் சுற்றி ஓட விடாதீர்கள்.

பெட்டியை, கோயிலில் இருக்கும் பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரிக்கு அருகே, கால் பீடத்தை நோக்கி இருக்கும்படி வைப்பார்கள். இறந்தவர் குருவாக இருந்தால் மட்டும் தலை பீடத்தின் பக்கம். தூக்குபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நடுக்கோயிலில் பெட்டியைத் திருப்ப வேண்டிவரும்.

8. சேமக்காலையில்

சிலுவை முன்னே போகும். சுவாமி குழியை மந்திரித்து, செபம் சொல்லி, தீர்த்தம் தெளிப்பார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போடுவார்கள். கயிறு இறக்கத் தெரிந்த நால்வரை முன்பே பேசி வையுங்கள். வயதானவர்களுக்கு நாலைந்து கதிரையும் குடிதண்ணீரும் கொண்டுபோங்கள். குழி ஓரம் மண் சரியும், பிள்ளைகளைக் கையில் பிடித்திருங்கள்.

9. தகனம் என்றால்

திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. ஆனால் அடக்கத்தையே விரும்புகிறது. தகனம் செய்வதானால் கோயிலில் திருப்பலி முடித்து உடலைக் கொண்டுபோகலாம். சாம்பலைப் பற்றி 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொன்னது: வீட்டில் வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்குள் பங்கிடக் கூடாது, தூவக் கூடாது, கடலில் கரைக்கக் கூடாது. சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். கீரிமலையில் கரைப்போம் என்று உறவினர் யாராவது சொன்னால், தகனத்துக்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்.

10. அடக்கத்துக்குப் பிறகு

அடுத்த நாளே அறைவீட்டுக்குப் போய்ப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டதா என்று பாருங்கள். அப்போதே 31ஆம் நாள் திருப்பலிக்கும் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கும் நாள் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் 31 வரை நிற்க முடியாவிட்டால், அவர்கள் திரும்பும் முன் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம்.

கல்லறை கட்ட அவசரப்படாதீர்கள். புதுக் குழியின் மண் ஒரு மாரி மழையாவது குடித்து இறங்க வேண்டும். அதற்குள் சீமெந்து போட்டால் வெடிக்கும். என்ன அளவில், எந்த உயரத்தில் கட்டலாம் என்று பங்கில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல்லில் பொறிக்கும் முன் பெயரையும் திகதியையும் மரணச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அதுவரை ஒரு மரச்சிலுவையில் பெயரை எழுதி நட்டு வையுங்கள். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2இல் எல்லாரும் மெழுகுதிரியோடு சேமக்காலைக்கு வரும்போது, புதுக் குழி எது என்று தேடாமல் உங்கள் ஆளிடம் நேரே போகலாம்.